சொந்த மொழி, சொந்த விஎம்: மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

சொந்தமாக ஒரு நிரல் மொழி செய்து, அதன் கம்பைலர் வெளியிடும் பைட்கோடை (எளிய கட்டளைகளின் வரிசையை) ஓட்டும் விஎம் (மெய்நிகர் இயந்திரம்) ஒன்றைச் சி மொழியில் எழுதி, அது ஓடவும் தொடங்கிய பிறகு வரும் தொல்லைகளுக்கானது இது. பார்சர் என்றால் என்ன, ஸ்டாக் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்பதெல்லாம் இங்கே கிடையாது. நான் மூன்று சின்ன மொழிகள் எழுதியிருக்கிறேன். மூன்றிலும் ஏறக்குறைய அதே பிழைகளை, அதே வரிசையில் செய்தேன். மூன்றாவது முறை எழுதி வைத்துக்கொண்ட குறிப்புகள்தான் இவை.

நிரல் விழுந்தால் கை தானாக விஎம் லூப்பை நோக்கித்தான் போகும். கொஞ்சம் பொறுங்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் விஎம் அப்பாவி. சொன்னதைச் செய்திருக்கும், தப்பாகச் சொன்னது கம்பைலர். அதனால் கீழே வரும் எந்த அறிகுறியானாலும் முதல் வேலை ஒன்றுதான்: அந்த நிரலின் பைட்கோடை அச்சிட்டுக் கண்ணால் படிப்பது.

## எதையும் தொடும் முன்

நான்கு ஸ்விட்சுகள் இல்லாமல் பிழை தேடக் கிளம்பாதீர்கள். இவற்றை எழுத ஒரு நாள் போகும். இல்லாவிட்டால் வாரங்கள் போகும்.

1. டிஸ்அசெம்ப்ளர். பைட்கோடின் ஒவ்வொரு கட்டளையையும் அதன் முகவரி, வரி எண்ணோடு அச்சிடுவது. தாவும் கட்டளைக்கு எத்தனை பைட் தாவுகிறது என்று காட்டினால் போதாது, எந்த முகவரியில் போய் இறங்குகிறது என்று காட்ட வேண்டும்.
2. ட்ரேஸ். ஒவ்வொரு கட்டளைக்கும் முன் ஸ்டாக் முழுவதையும் அச்சிடுவது.
3. ஸ்டாக் உயரச் சோதனை. ஒவ்வொரு வாக்கியமும் முடிந்ததும் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கம்பைலருக்குத் தெரியும். அதை விஎம்மிலும் ஒரு அசர்ட்டாக (பொய்யானால் நிரலை நிறுத்தும் சோதனையாக) போட்டுவிடுங்கள்.
4. ஜிசி அழுத்த முறை. மெமரி கேட்கும் ஒவ்வொரு முறையும் கார்பேஜ் கலெக்டர் (ஜிசி, யாருக்கும் தேவைப்படாத பொருள்களின் மெமரியை மீட்பது) ஓட வேண்டும். நிரல் ஆமையாகிவிடும், பரவாயில்லை.

இவற்றோடு சி கம்பைலரின் அட்ரஸ் சானிடைசரையும் அன்டிஃபைன்ட் பிஹேவியர் சானிடைசரையும் டீபக் பில்டில் நிரந்தரமாகப் போட்டு வையுங்கள். மெமரித் தவறுகளையும் சி மொழி வரையறுக்காத செயல்களையும் ஓடும்போதே பிடிப்பவை இவை. ஜிசிசி, க்ளாங் கம்பைலர்கள் இரண்டிலும் இருக்கின்றன.

அப்புறம், பிழை காட்டும் நிரலைச் சுருக்குங்கள். 200 வரியில் விழுவது 6 வரியிலும் விழ வேண்டும். சுருக்கும்போதே பாதிப் பிழைகள் தாமாக முகத்தைக் காட்டிவிடும்.

## அறிகுறி: விழவில்லை, ஆனால் விடை தப்பு

கூட்டல் சரி, கழித்தலும் வகுத்தலும் தப்பு. ஸ்டாக்கில் முதலில் வெளியே வருவது வலப்பக்க எண். இரண்டையும் மாற்றி எடுத்திருக்கிறீர்கள். கூட்டலில் இது தெரியவே தெரியாது. அதனால்தான் முதல் சோதனை நிரலை 1 + 2 என்று எழுதக்கூடாது, 7 - 2 என்று எழுத வேண்டும்.

10 - 4 - 3 போட்டால் 9 வருகிறது. 3 வர வேண்டும். பார்சர் வலப்பக்கத்திலிருந்து சேர்க்கிறது. ப்ராட் பார்சர் (குறிகளின் முன்னுரிமை எண்ணை வைத்துப் படிப்பது) என்றால், வலப்பக்கத்தைப் படிக்கும்போது அதே முன்னுரிமையைக் கொடுத்திருப்பீர்கள். ஒரு படி மேலே கொடுங்கள். அடுக்குக்குறிக்கு மட்டும் அதே படி இருக்கட்டும்.

-2இன் வர்க்கம் 4ஆ, -4ஆ? இதைப் பிழை என்று தேட வேண்டாம், நீங்கள் இன்னும் எடுக்காத முடிவு அது. பைதான் -4 என்கிறது. எக்செல் 4 என்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் இரண்டு பக்கமும் சாயாமல், அடைப்புக்குறி போடு என்று இலக்கணப் பிழை கொடுத்துவிடுகிறது. எனக்குப் பிடித்தது மூன்றாவது.

ஒப்பிடுதல் எல்லாம் சரி, நேன் (0ஐ 0ஆல் வகுத்தால் வருவது போன்ற, எண் அல்லாத மதிப்பு) வந்தால் மட்டும் தப்பு. கட்டளைகளை மிச்சப்படுத்த, அ <= ஆ என்பதை 'அ > ஆ இல்லை' என்று மாற்றி எழுதியிருப்பீர்கள். நேனைப் பெரிதா, சிறிதா என்று எதோடு ஒப்பிட்டாலும் பொய். பொய்யைத் திருப்பினால் மெய். சிறிது-அல்லது-சமம் என்பதற்குத் தனிக் கட்டளையே வைத்துவிடுங்கள்.

எல்லாமே கன்னாபின்னா, கூட்டச் சொன்னால் அச்சிடுகிறது. கட்டளைப் பட்டியலின் நடுவில் புதிதாக ஒன்றைச் செருகினீர்களா? ஹெடர் ஃபைல் மாறியும் எல்லா ஃபைல்களும் மறுபடி கம்பைல் ஆகாமல் இருக்கலாம். பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்களை அழித்து முழு பில்ட் போடுங்கள். கம்ப்யூட்டட் கோட்டோ (கட்டளை எண்ணை வைத்து நேராக அதன் கோடுக்குத் தாவும் முறை) வைத்திருந்தால் தாவல் அட்டவணையின் வரிசையும் அதே வரிசையில் இருக்க வேண்டும். பைட்கோடை டிஸ்க்கில் சேமிப்பவர் என்றால், ஃபைலின் தலையில் ஒரு பதிப்பு எண் வையுங்கள். பைதானின் பைசி ஃபைல்களில் தலையில் ஒரு அடையாள எண் இருப்பது இதற்காகத்தான்.

இந்தப் பகுதியில் உதவிக்கு யாரையும் கூப்பிட வேண்டிய அவசியம் வராது. எல்லாம் ஒரு மணி நேர வேலை.

## அறிகுறி: லூப் கொஞ்சம் ஓடியதும் ஸ்டாக் நிரம்புகிறது

இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்திருக்கிறேன். முதலில் ட்ரேஸைப் போட்டு, லூப்பின் தலைக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஸ்டாக் உயரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 3, 3, 3 என்று நின்றால் சிக்கல் வேறெங்கோ. 3, 4, 5 என்று ஏறினால் கசிவு. இனி எந்த நிலையில் ஏறுகிறது என்று பாருங்கள்.

### ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று ஏறுகிறது

வெறும் கோவையையே வாக்கியமாக எழுதும்போது, உதாரணமாக ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டு விடையைப் பயன்படுத்தாமல் விடும்போது, அந்த விடை ஸ்டாக்கில் கிடக்கும். வாக்கிய முடிவில் அதை எறியும் கட்டளை இருக்கிறதா பாருங்கள்.

இருந்தும் ஏறினால், நிபந்தனைத் தாவலைப் பாருங்கள். 'பொய்யெனில் தாவு' கட்டளை நிபந்தனையின் மதிப்பை எடுத்துவிடுகிறதா, ஸ்டாக்கிலேயே விடுகிறதா? இரண்டில் எதுவும் செய்யலாம். ஆனால் கம்பைலர் ஒன்றையும் விஎம் இன்னொன்றையும் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. 'மற்றும்', 'அல்லது' இரண்டுக்கும் மதிப்பு ஸ்டாக்கில் இருக்க வேண்டும். 'என்றால்' வாக்கியத்துக்கு வேண்டாம். இரண்டுக்கும் ஒரே கட்டளையை வைத்துத் தடுமாறுவதைவிட, இரண்டு கட்டளைகள் வைத்துவிடுவது நல்லது.

### 'தொடர்' அல்லது 'நிறுத்து' வந்தால் மட்டும் ஏறுகிறது

இதோ என் இரண்டாவது மொழியில் இருந்த நிரல். ஐ பொது மாறி. 'வரை' என்பது லூப். 'தொடர்' என்றால் அடுத்த சுற்றுக்குப் போ என்று பொருள்.

```
வரை (ஐ < 70000) {
    மாறி இரட்டை = ஐ * 2;
    ஐ = ஐ + 1;
    என்றால் (இரட்டை > 10) தொடர்;
    அச்சிடு இரட்டை;
}
```

கடைசி மூன்று வரிகளுக்கு வந்த பைட்கோடின் ஒரு துண்டு:

```
0021  உள்மாறி 1
0023  மாறிலி 10
0025  பெரிதா
0026  பொய்யெனில்தாவு -> 0032
0029  தாவு -> 0002
0032  உள்மாறி 1
```

'இரட்டை' என்ற உள்மாறி ஸ்டாக்கில் உட்கார்ந்திருக்கிறது. ப்ளாக்கின் கடைசியில் அதை எறியும் கட்டளை சரியாகவே இருந்தது. ஆனால் 0029இல் உள்ள தாவல் அந்தக் கடைசியைத் தொடாமலே மேலே போய்விடுகிறது. தாவுவதற்கு முன் ஒரு 'எறி' இருந்திருக்க வேண்டும்.

இதில் இன்னொரு விஷமம் உண்டு. அடுத்த சுற்றில் புதிய 'இரட்டை' ஸ்டாக்கில் ஓர் இடம் தள்ளி உட்காரும். நிரலோ முதல் இடத்தையே படிக்கும். ஆகவே ஸ்டாக் நிரம்புவதற்கு வெகு முன்பே அந்த மாறி 12இல் உறைந்து நின்றுவிடும். 'என் மாறி மாறவே மாட்டேன் என்கிறது' என்று யாராவது சொன்னால் நான் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, 'லூப்பில் தொடர் இருக்கிறதா?' என்றுதான்.

திருத்தம்: லூப் தொடங்கும்போது எத்தனை உள்மாறிகள் இருந்தன என்று கம்பைலர் குறித்துக்கொள்ள வேண்டும். 'தொடர்', 'நிறுத்து' வரும்போது அந்த எண்ணிக்கைக்கு மேலே இருப்பவற்றுக்கெல்லாம் 'எறி' வெளியிட வேண்டும். கம்பைலரின் உள்மாறிப் பட்டியலிலிருந்து மட்டும் அவற்றை நீக்கிவிடாதீர்கள். தாவலுக்குக் கீழே உள்ள வரிகளுக்கு அவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. நான் அதையும் செய்தேன்.

### விதிவிலக்கு வீசினால் மட்டும் ஏறுகிறது

முயற்சி ப்ளாக்குக்குள் நுழையும்போது ஸ்டாக் உயரத்தையும் ஃப்ரேம் (நடந்துகொண்டிருக்கும் ஃபங்ஷன் அழைப்பு) எண்ணிக்கையையும் சேர்த்துச் சேமியுங்கள். பிடிக்கும்போது இரண்டையும் அந்த நிலைக்கு இறக்குங்கள். ஒன்றை மறந்தாலும் கசியும். மூடப்படாத அப்வேல்யூக்கள் (உள் ஃபங்ஷன் பிடித்து வைத்திருக்கும், இன்னும் ஸ்டாக்கிலேயே உள்ள வெளி மாறிகள்) இருந்தால் இறக்கும்போது அவற்றையும் மூட வேண்டும்.

### எல்லாம் பார்த்தும் அகப்படவில்லை

இப்போதுதான் விலை கூடிய வழி. கட்டளை ஒவ்வொன்றும் ஸ்டாக்கை எத்தனை ஏற்றும், எத்தனை இறக்கும் என்று ஓர் அட்டவணை எழுதி, பைட்கோடை ஓட்டாமலே எல்லாப் பாதைகளிலும் நடந்து பார்க்கும் ஒரு சரிபார்ப்பி எழுதுங்கள். ஒரே முகவரிக்கு இரண்டு வழிகளில் வந்தால் உயரம் ஒன்றாக இருக்க வேண்டும். ஜாவா விஎம் வெளியிலிருந்து வரும் க்ளாஸ் ஃபைலை ஏற்றுக்கொள்ளும் முன் செய்யும் சோதனைகளில் இதுவும் ஒன்று. சுமார் 150 வரி வரும். எழுதிய அன்றே எனக்கு இது மூன்று பிழைகளைக் காட்டியது. அவற்றில் இரண்டை நான் தேடவே இல்லை.

## அறிகுறி: சின்ன நிரல் ஓடுகிறது, பெரிய நிரல் உளறுகிறது

எண் எல்லைகளை முதலில் பாருங்கள். மாறிலி எண்ணுக்கு ஒரு பைட் ஒதுக்கினால் 256 மாறிலிகள்தான். 257ஆவது வந்ததும் சத்தமில்லாமல் 0ஆவது மாறிலியாகிவிடும். தாவலுக்கு இரண்டு பைட் என்றால் 65535 வரைதான். சோதனை எளிது: 300 வெவ்வேறு எண்களைக் கூட்டும் ஒரு நிரலை ஒரு ஸ்க்ரிப்ட்டால் உருவாக்கி ஓட்டுங்கள். பிறகு உள்ளே 30,000 வாக்கியம் உள்ள ஒரு 'என்றால்'.

எல்லை இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லுவாவில் ஒரு ஃபங்ஷனுக்கு 200 உள்மாறிகள்தான். ஜாவாவில் ஒரு மெத்தடின் பைட்கோடு 65535 பைட்டைத் தாண்டக் கூடாது. தாண்டும்போது கம்பைலர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எல்லையைத் தளர்த்தியே ஆக வேண்டும் என்றால், பைதான் செய்வது போல 'அடுத்த கட்டளையின் எண்ணை நீட்டு' என்று ஒரு முன்னொட்டுக் கட்டளை வைக்கலாம். கட்டளை வடிவத்தையே மாற்றுவது கடைசி வழி. டிஸ்அசெம்ப்ளர், சரிபார்ப்பி, சேமித்த ஃபைல்கள் எல்லாமே உடையும்.

எல்லைகள் சரியா? அப்படியானால் ரீஅலாக், அதாவது மெமரித் துண்டின் அளவை மாற்றும் சி ஃபங்ஷன். ஸ்டாக்கையோ கோடு அணியையோ பெரிதாக்கும்போது அது வேறு இடத்துக்குக் குடிபோகலாம். பழைய முகவரியை யாராவது கையில் வைத்திருந்தால் தீர்ந்தது. விஎம் லூப்பில் வேகத்துக்காக உள்மாறியில் வைத்த ஸ்டாக் பாயின்டர், ஃப்ரேமுக்குள் வைத்த ஸ்லாட் பாயின்டர், திறந்த அப்வேல்யூவின் பாயின்டர் ஆகிய மூன்றும் வழக்கமான குற்றவாளிகள். இன்னொன்று சற்று மறைவானது: சி மொழியில் ஒரு வரியின் இடப்பக்கம் அணியின் ஓர் இடம், வலப்பக்கம் அந்த அணியையே வளர்க்கக்கூடிய ஒரு ஃபங்ஷன் அழைப்பு. எது முதலில் கணக்கிடப்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விடையை ஒரு தனி மாறியில் வாங்கிவிட்டு அடுத்த வரியில் போடுங்கள். வளரும் ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே புதிய இடத்துக்கு நகர்த்திப் பழையதை விடுவிக்கும் டீபக் முறை ஒன்றைப் போட்டால், அட்ரஸ் சானிடைசர் உடனே விரல் நீட்டிச் சொல்லிவிடும்.

ஆழமாக அடுக்கிய நிரல் மட்டும் விழுகிறது என்றால் நிரம்புவது உங்கள் ஸ்டாக் கிடையாது, சியின் ஸ்டாக். ரிகர்சிவ் (தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும்) பார்சர், ஒவ்வொரு அடைப்புக்குறிக்கும் சில ஃப்ரேம்களைத் தின்கிறது. லினக்ஸில் வழக்கமாக 8 எம்பி இருக்கும், விண்டோஸில் 1 எம்பிதான். அதனால் ஒன்றில் ஓடி மற்றதில் விழும். ஓர் ஆழ எண்ணி வைத்து, தாண்டினால் பிழை சொல்லுங்கள். பைதான் அடைப்புக்குறிகளை 200 அடுக்கோடு நிறுத்திவிடுகிறது, யாரும் அழவில்லை.

## அறிகுறி: எப்போதாவது விழுகிறது, மறுபடி ஓட்டினால் விழுவதில்லை

கிளை ஒன்று: ஜிசியை முழுவதுமாக அணைத்துவிட்டு ஓட்டுங்கள். இன்னும் விழுந்தால் முந்தைய பகுதிக்குத் திரும்பிப் போய் ரீஅலாக்கைப் பாருங்கள். விழவில்லை என்றால் இங்கேயே இருங்கள்.

கிளை இரண்டு: அழுத்த முறையைப் போடுங்கள். எப்போதாவது விழுந்தது இப்போது எப்போதும் ஒரே இடத்தில் விழும். அந்த இடம் முக்கியம் இல்லை. விழுந்த பொருள் எது, அதை உருவாக்கியவர் யார், அது கடைசியாக யார் கையில் இருந்தது என்பதுதான் கேள்வி. இதற்கு ஒரு தந்திரம்: டீபக் பில்டில் குப்பைப் பொருளின் மெமரியை விடுவிக்காதீர்கள். அதன் வகையை 'இறந்தது' என்று மாற்றி அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு யாராவது தொட்டால் வகைச் சோதனையில் மாட்டுவார்கள், பொருளின் பழைய விவரங்களும் படிக்கக் கிடைக்கும்.

காரணங்கள், எனக்கு வாய்த்த வரிசையில்:

புதுப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டே இன்னொன்றைக் கேட்டது. ஒரு சரத்தை (ஸ்ட்ரிங்) உருவாக்கிவிட்டு, அதை மாறிலி அட்டவணையில் சேர்க்கப் போகிறீர்கள். அட்டவணை வளர மெமரி கேட்கிறது. ஜிசி ஓடுகிறது. அந்தச் சரம் சியின் உள்மாறியில் மட்டும் இருப்பதால் ஜிசியின் கண்ணுக்கு அநாதை. விஎம் ஸ்டாக்கில் தள்ளிவிட்டு வேலை முடிந்ததும் எடுங்கள். அதேபோல், இரண்டு சரங்களை ஒட்டும்போது புதுச் சரம் பிறக்கும்வரை பழைய இரண்டும் ஸ்டாக்கிலேயே இருக்கட்டும். முதலிலேயே எடுத்துவிட வேண்டாம்.

கம்பைல் நடக்கும்போது ஜிசி ஓடுவதை மறந்தது. அரைகுறையாகக் கட்டப்பட்டிருக்கும் ஃபங்ஷன் பொருள்களும் வேர்கள்தான் (ஜிசி தேடத் தொடங்கும் இடங்கள்), அவற்றைச் சுற்றியுள்ள வெளி ஃபங்ஷன்களும். எனக்கு இதில் மூன்று இரவுகள் போயின. ஏனென்றால் பெரிய நிரலில் மட்டும், அதுவும் கம்பைல் முடிந்து வெகுநேரம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஓர் அச்சிடும் வரியில் விழுந்துகொண்டிருந்தது.

புதிய பொருள் வகை சேர்த்து, அதன் ஒரு புலத்தை மட்டும் குறிக்காமல் ('உயிரோடு இருக்கிறது' என்று ஜிசிக்கு அடையாளமிடாமல்) விட்டது. க்ளாஸ் சேர்த்திருப்பீர்கள், மெத்தட் அட்டவணையைக் குறித்துவிட்டு க்ளாஸின் பெயரை விட்டிருப்பீர்கள். கடைசியாகச் சேர்த்த வகை எது என்று பார்த்தால் போதும்.

சியில் எழுதிய உள்ளமைந்த ஃபங்ஷன்கள். விஎம் லூப்பில் காட்டிய கவனத்தை இங்கே யாரும் காட்டுவதில்லை. ஒவ்வொன்றையும் அழுத்த முறையில் ஒருமுறை கூப்பிடும் சோதனை நிரல் வையுங்கள்.

மெமரி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, விழவில்லை. ஒரே உரையுள்ள சரங்களை ஒரே பிரதியாக வைக்கும் இன்டர்ன் அட்டவணையை வேராகக் குறிக்கிறீர்களா? அப்படியானால் எந்தச் சரமும் சாகாது. அதை வேராகக் குறிக்கக் கூடாது. குறித்தல் முடிந்து குப்பையைக் கூட்டுவதற்கு முன், குறிபடாத சரங்களை அட்டவணையிலிருந்து நீக்க வேண்டும். நீக்க மறந்தால் எதிர்ப்பக்கம் போகும்: செத்த சரத்தின் முகவரி அட்டவணையில் தங்கி, பிறகு யாரோ அதே சொல்லை எழுதும்போது விழும்.

ஒரு லட்சம் கண்ணி உள்ள சங்கிலிப் பட்டியலில் ஜிசியே விழுகிறது. குறிக்கும் ஃபங்ஷன் ரிகர்சிவாக இருக்கிறது. சாம்பல் பொருள்களுக்கு (குறித்தாகிவிட்டது, உள்ளே இன்னும் பார்க்கவில்லை) ஒரு தனி வரிசை வைத்து லூப்பாக மாற்றுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: ஜிசியை ஜெனரேஷனலாகவோ (புதிய பொருள்களை அடிக்கடியும் பழையவற்றை அரிதாகவும் பார்ப்பது) இன்க்ரிமென்டலாகவோ (கொஞ்சம் கொஞ்சமாக ஓடுவது) மாற்றியிருக்கிறீர்கள், ரைட் பேரியர் (பொருளில் எழுதும்போது ஜிசிக்குத் தெரிவிக்கும் கோடு) எங்கோ விடுபட்டிருக்கிறது, இரண்டு வாரமாக அகப்படவில்லை. அல்லது பொருள்களை நகர்த்தும் ஜிசி எழுதுகிறீர்கள். அல்லது விஎம்முக்குள் பல த்ரெட்கள். இந்த மூன்றிலும் ஏற்கெனவே செய்து சூடுபட்ட ஒருவரிடம் கோடைக் காட்டுவதே சிக்கனம். அப்படி யாரும் இல்லையென்றால் நிரலை நிறுத்திவிட்டுக் குப்பையைக் கூட்டும் பழைய எளிய ஜிசிக்குத் திரும்புங்கள். பெரும்பாலான சின்ன மொழிகளுக்கு அது தாராளமாகப் போதும்.

## அறிகுறி: க்ளோஷர்கள் எல்லாம் ஒரே மதிப்பைக் காட்டுகின்றன

லூப்புக்குள் மூன்று க்ளோஷர்கள் (வெளி மாறியைப் பிடித்து வைத்திருக்கும் ஃபங்ஷன்கள்) செய்து, வெளியே வந்து கூப்பிட்டால் 3, 3, 3. சுற்றுக்கு ஒரு புது மாறியா, எல்லாச் சுற்றுக்கும் ஒரே மாறியா என்று நீங்கள் தீர்மானிக்கவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் 2015இல் லெட் கொண்டுவந்தபோது சுற்றுக்கு ஒன்று என்றது. கோ மொழி பல வருடம் ஒரே மாறியை வைத்திருந்துவிட்டு, 2024 பிப்ரவரியில் வந்த 1.22இல் சுற்றுக்கு ஒன்று என்று மாறிக்கொண்டது. அனுபவசாலிகள் வருந்தி மாறிய பக்கத்துக்கே நேராகப் போய்விடுங்கள்.

தீர்மானித்தும் தப்பாக வந்தால், ப்ளாக் முடிவில் க்ளோஷர் பிடித்த மாறிக்கு 'எறி' வருகிறதா, 'அப்வேல்யூவை மூடு' வருகிறதா பாருங்கள். 'நிறுத்து', 'தொடர்' பாதைகளிலும்.

## அறிகுறி: ஹாஷ் டேபிளில் போட்ட சாவியைக் காணோம், அல்லது தேடல் முடிவதே இல்லை

தேடல் தொங்கினால், டேபிளில் ஒரு காலி இடம்கூட மிச்சமில்லை. அழித்த இடங்களில் கல்லறைக் குறி வைக்கிறீர்கள். ஆனால் நிரம்பலைக் கணக்கிடும்போது அவற்றைச் சேர்ப்பதில்லை. சேருங்கள்.

சாவி காணாமல் போனால்: உங்கள் மொழியில் 1உம் 1.0உம் சமம் என்றால் இரண்டின் ஹாஷும் (சாவியின் இடத்தைத் தீர்மானிக்கக் கணக்கிடும் எண்) ஒன்றாக இருக்க வேண்டும். 0.0உம் -0.0உம் சமம், ஆனால் பிட் அளவில் வேறு. பிட்டை அப்படியே ஹாஷ் செய்தால் பிரிந்துவிடும். நேனைச் சாவியாகப் போட்டால் திரும்பக் கிடைக்கவே கிடைக்காது, அது தனக்கே சமம் இல்லை. லுவா அதைச் சாவியாகவே ஏற்பதில்லை. நானும் அப்படியே செய்தேன்.

## அறிகுறி: தமிழில் பெயர் வைத்தால் ஸ்கேனர் திணறுகிறது

முதல் எழுத்திலேயே பிழை. யுடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். சியின் 'எழுத்தா' என்று கேட்கும் ஃபங்ஷனுக்கு ஒற்றை பைட்டை அனுப்பினால், எக்ஸ்86 ப்ராசசரில் அது எதிர்ம எண்ணாகப் போய் விளைவு என்னவென்றே சொல்ல முடியாது. பைட்டாகப் படிப்பதை விட்டு, குறிகளாகப் பிரித்துப் படியுங்கள்.

'க' ஓடுகிறது, 'கி' ஓடவில்லை. யூனிகோடு கணக்கில் கொக்கியும் புள்ளியும் எழுத்துகள் இல்லை, சேர்க்கைக் குறிகள். 'எழுத்து மட்டும்' என்று சோதித்தால் அவை வெளியே நிற்கும். பெயரின் தொடக்கத்துக்கு ஒரு பட்டியல், தொடர்ச்சிக்கு இன்னொரு பட்டியல் என யூனிகோடு கூட்டமைப்பே வைத்திருக்கிறது; அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்கு ஒரே பெயர், மொழிக்கு வேறு. 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனிக் குறியாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஸ்கேனரில் பெயரை எடுத்ததும் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பலவிதமாக எழுதியதை ஒன்றாக்கும் யூனிகோடு முறை) மாற்றிவிட்டால் இது தீரும். பைதான் பெயர்களை என்எஃப்கேசி வடிவத்துக்கு மாற்றுகிறது. ஆனால் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் 'ள' எழுத்தும் தட்டுகிறவர்களை எந்த வடிவமும் காப்பாற்றாது. அதற்கு எச்சரிக்கை மட்டும்தான் கொடுக்க முடியும்.

நீளம் கேட்டால் 15. 'தமிழ்' என்ற சொல்லுக்கு பைட் 15, குறி 5, வாசகர் எண்ணும் எழுத்து 3. உங்கள் மொழியில் நீளம் என்பது எது என்று ஆவணத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். பிழைச் செய்தியின் அம்புக்குறி தள்ளித் தள்ளி விழுவதும் இதே காரணத்தால்தான்.

## அறிகுறி: என் கணினியில் ஓடுகிறது, வேறொன்றில் இல்லை

கட்டளையைச் சியின் 'கேர்' (char) வகையில் வைத்திருந்தால், எக்ஸ்86 லினக்ஸில் அது குறியுள்ள எண், ஆர்ம் லினக்ஸில் குறியற்றது. 127க்கு மேல் கட்டளை எண் போனதும் பிரியும். அளவு குறிப்பிட்ட குறியற்ற வகையையே பயன்படுத்துங்கள்.

நேன்-பாக்ஸிங் (நேனில் மிச்சமிருக்கும் பிட்களில் மற்ற வகை மதிப்புகளை அடைப்பது) செய்து, 0ஐ 0ஆல் வகுத்ததும் விழுந்தால்: எக்ஸ்86 கொடுக்கும் நேனில் குறி பிட் 1, ஆர்ம் கொடுப்பதில் 0. பொருளின் முகவரிக்கு அடையாளமாக அதே குறி பிட்டை வைத்திருந்தால், சாதாரண நேன் ஒரு பொருள் போலத் தெரியும். கணக்கின் விடை நேனாக இருந்தால் உங்களுக்கென ஒரு நிலையான நேனாக மாற்றிவிட்டுச் சேமியுங்கள், அல்லது அடையாளத்துக்கு இன்னொரு பிட்டையும் சேருங்கள்.

முழு எண்களில், மிகச் சிறிய எதிர்ம எண்ணை -1ஆல் வகுத்தால் எக்ஸ்86இல் நிரலே கொல்லப்படும். பூஜ்யத்தால் வகுப்பதைத் தடுத்தவர்கள் இதைத் தடுக்க மறப்பார்கள்.

## அறிகுறி: மெதுவாக ஓடுகிறது

சிரிக்காதீர்கள்: முதலில் ட்ரேஸும் அழுத்த முறையும் அணைந்திருக்கின்றனவா, சி கம்பைலருக்கு ஓ2 (வேகப்படுத்தும் ஸ்விட்ச்) கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். நான் ஒரு முழு மாலையை இதில் தொலைத்திருக்கிறேன்.

அடுத்தது ப்ரொஃபைலர் (நேரம் எங்கே போகிறது என்று காட்டும் கருவி), லினக்ஸில் பெர்ஃப். நேரம் ஜிசியில் போனால், அடுத்த ஜிசிக்கான வரம்பு உயிரோடிருக்கும் மெமரிக்கு ஏற்ப வளர்கிறதா பாருங்கள். ஒவ்வொரு முறையும் இரட்டிப்பது நல்ல தொடக்கம். நேரம் ஹாஷ் டேபிளில் போனால், பொது மாறிகளைப் பெயரால் தேடுவதை விட்டுக் கம்பைல் நேரத்திலேயே எண் கொடுங்கள். லூப்பில் சரம் ஒட்டும் நிரலாக இருந்தால் தவறு மெஷின் பக்கம் இல்லை. ஒவ்வொரு முறையும் முழுச் சரத்தையும் நகலெடுக்கிறது, ஒரு சரக்கட்டி (ஸ்ட்ரிங் பில்டர்) வகை கொடுங்கள்.

கட்டளை லூப்பிலேயே நேரம் போகிறது என்று தெரிந்த பிறகுதான் கம்ப்யூட்டட் கோட்டோ, ரெஜிஸ்டர் விஎம் (ஸ்டாக்குக்குப் பதில் எண்ணிட்ட இடங்களில் கணக்கிடுவது) பற்றியெல்லாம் யோசிக்க வேண்டும். லுவா 2003இல் 5.0 பதிப்பில் ரெஜிஸ்டருக்கு மாறியது, பைதான் இன்றும் ஸ்டாக்தான். மாறுவது கம்பைலரின் பின்பாதியை மறுபடி எழுதுவதற்குச் சமம். இதில் அளவீட்டையும் சந்தேகியுங்கள். பைதான் 3.14க்காகக் கட்டளை லூப்பை டெயில்-கால் முறைக்கு (ஒவ்வொரு கட்டளையின் ஃபங்ஷனும் அடுத்ததை நேராகக் கூப்பிடுவது) மாற்றியபோது சராசரியாக 9 முதல் 15 சதவீத வேகம் என்று முதலில் அறிவித்தார்கள். ஒப்பிட்ட பழைய லூப்பை க்ளாங் 19இல் இருந்த ஒரு குறை மெதுவாக்கியிருந்தது பிறகு தெரிந்தது. திருத்திய கணக்கு 3 முதல் 5 சதவீதம். அவர்களுக்கே அப்படி என்றால், உங்கள் மடிக்கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து வந்த 8 சதவீதத்தை நம்ப வேண்டாம். இரண்டு கம்பைலர்களில், பல முறை ஓட்டிப் பாருங்கள்.

அதன் பிறகும் போதவில்லை என்றால் மிஞ்சுவது ஜிட், அதாவது ஓடும்போதே ப்ராசசரின் கட்டளைகளை உருவாக்குவது. இங்கே தனியாக இறங்காதீர்கள். எக்ஸ்86இல் ஒழுங்காக ஓடிய ஜிட், ஆர்மில் பழைய கட்டளையையே ஓட்டும். எழுதிய கட்டளைகளுக்காக இன்ஸ்ட்ரக்ஷன் கேஷை நீங்களே காலி செய்ய வேண்டும். மெமரிப் பக்கம் எழுதவும் ஓட்டவும் ஒரே நேரத்தில் அனுமதி தராத இயக்குதளங்கள் உண்டு. விழுந்தால் உங்கள் டிஸ்அசெம்ப்ளரும் ட்ரேஸும் எதையும் காட்டாது. எல்எல்விஎம் போன்ற தயார் பின்தளம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது வெப்அசெம்ப்ளியாக (பிரவுசர்களும் ஓட்டும் ஒரு பைட்கோடு) வெளியிட்டு ஓட்டும் வேலையை ஏற்கெனவே உள்ள எஞ்சினிடம் விட்டுவிடுங்கள். என் மூன்றாவது மொழி அப்படித்தான் ஓடுகிறது.